இலவசம், உதவி, உரிமை: தமிழகச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் பற்றிய பொதுக்கருத்தும் 'தகுதி' என்னும் வரையறையும்

ஆய்வுச்சுருக்கம்

சமதர்மம் குறித்தும் அரசு வழங்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் குறித்தும் நிலவும் கருத்து வேறுபாடுகள் பெரும்பாலும் இடதுசாரி, வலதுசாரி என்னும் பகுப்பில் வைத்தே விளக்கப்படுகின்றன. தமிழகத்தைப் பொறுத்தவரை இப்பகுப்பு முழுமையாகப் பொருந்துவதில்லை. அரசு வழங்க வேண்டுமா என்பதைக் காட்டிலும், பெறத் தகுதியுடையவர் யார் என்பதிலேயே இங்குக் கருத்துகள் பிரிகின்றன. அப்பிரிவு 'இலவசம்', 'விலையில்லா', 'உதவித்தொகை', 'ஓய்வூதியம்', 'உரிமைத் தொகை' முதலிய சொற்களில் படிந்து கிடப்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சமதர்மம், பொது விநியோகம், இலவசம், உரிமைத் தொகை, தகுதி, ஒப்புரவு

முன்னுரை

நியாயவிலைக் கடை அரிசியைக் குறைகூறும் ஒருவர், தம் வீட்டு மின் கட்டணத்தில் இரு மாதங்களுக்கு 100 அலகு கழிக்கப்படுவதைக் குறைகூறுவதில்லை. நூறுநாள் வேலை உழைப்பாளரைச் சோம்பேறியாக்குகிறது என்னும் நிலவுடைமையாளர், தம் மோட்டாருக்குக் கட்டணமின்றி வரும் மின்சாரத்தை அவ்வாறு மதிப்பிடுவதில்லை. இதனை முரண் என்றோ தன்னலம் என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், ஒரே மனிதர் ஒரு திட்டத்தை ஏற்று மற்றொன்றை மறுக்கும்போது அவர் மனத்தில் இயங்கும் அளவுகோல் யாது என்பது ஆராயத்தக்கது. அவ்வளவுகோல் பொருளாதாரக் கொள்கை சார்ந்ததன்று. பெறுபவர் யார், அவர் பெறுவதற்கு என்ன பெயர் என்பதைச் சார்ந்தது.

சமதர்மம்: உடைமையிலிருந்து வழங்கலுக்கு

தமிழில் சோசலிசத்தைக் குறிக்கப் 'பொதுவுடைமை', 'சமதர்மம்' என்னும் இரு சொற்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேரூன்றின. முன்னது உடைமை உறவைச் சுட்டுவது. பின்னது 'தர்மம்' என்னும் சொல்லைத் தன்னுள் கொண்டிருப்பதால் வேறொரு பணியையும் செய்தது. பிறப்பின்வழி ஆளுக்கொரு தர்மம் என விதித்த வருண முறைக்கு எதிராக, அனைவர்க்கும் ஒரே தர்மம் என்னும் பொருளை அது ஏற்றது. 1931இல் கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் 'குடிஅரசு' இதழில் 'சமதர்ம அறிக்கை' என்னும் பெயரில் வெளிவரத் தொடங்கியது. பெரியார் சோவியத் நாட்டுப் பயணத்தை முடித்துத் திரும்பியபின், 1932 திசம்பர் இறுதியில் ஈரோட்டில் கூடிய சுயமரியாதை இயக்கத்தினர் சிங்காரவேலரின் பங்களிப்போடு உருவான வேலைத்திட்டத்தை விவாதித்தனர். இருப்புப்பாதை, வங்கி, விளைநிலம் ஆகியவை பொதுவாக்கப்பட வேண்டும் என்பதும் உழவர், தொழிலாளரின் கடன்கள் நீக்கப்பட வேண்டும் என்பதும் அத்திட்டத்தில் இடம்பெற்றன.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. ஈரோட்டுத் திட்டத்தின் மையம் வழங்கல் அன்று, உடைமை மாற்றம். ஏழைக்கு அரிசி கொடுப்பது குறித்ததன்று அது. நிலம் எவரிடம் இருக்க வேண்டும் என்பது குறித்தது. காலனிய அரசின் அடக்குமுறைக்குப் பின்னர் இவ்வேகம் தணிந்தது. 1955 சனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு 'சோசலிச பாணிச் சமுதாயம்' என்னும் இலக்கை ஏற்றபோது, சொல் ஆளுங்கட்சியின் தீர்மானத்துக்குள் நுழைந்தது. அதன் கூர்மை மழுங்கியது. 1976இல் 42ஆம் திருத்தம் அச்சொல்லை அரசியலமைப்பின் முகப்புரையிலும் சேர்த்தது. அதனை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் தள்ளுபடி செய்த உச்சநீதிமன்றம், இந்தியச் சூழலில் சோசலிசம் என்பது மக்கள்நல அரசையும் வாய்ப்புச் சமத்துவத்தையும் குறிப்பது என்றும் தனியார் முயற்சிக்கு அது தடையன்று என்றும் விளக்கியது. தொண்ணூறு ஆண்டுகளில் நிலத்தைப் பொதுவாக்குவதிலிருந்து நலத்திட்டம் வரை ஒரு சொல் பயணப்பட்டிருக்கிறது.

இப்பயணத்தின் விளைவாகத் தமிழகத்தில் சமதர்மம் பற்றிய விவாதமும் நலத்திட்டம் பற்றிய விவாதமும் தனித்தனியே நடைபெறுகின்றன. பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்ப்பவரும் சத்துணவை ஏற்கிறார். பொதுவுடைமையாளரோ நலத்திட்டங்களை அடிப்படை மாற்றத்தைத் தள்ளிப்போடும் ஒட்டுப்போடல் எனக் கருத்தளவில் விமரிசித்தாலும், நியாயவிலைக் கடையில் அரிசி குறைந்தால் முதலில் போராட்டத்தில் இறங்குபவராகவும் இருக்கிறார். ஆட்சிக்கு வந்த இரு பெரும் திராவிடக் கட்சிகளுக்கிடையே திட்டத்தின் பெயரில் போட்டி உண்டு. திட்டம் வேண்டுமா என்பதில் அநேகமாகக் கருத்து வேறுபாடு இல்லை.

ஊருணியும் ஈகையும்

திருக்குறளில் 'ஒப்புரவறிதல்', 'ஈகை' என்னும் இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஈகை என்பதை வறியவர்க்குக் கொடுப்பதாக வள்ளுவர் வரையறுக்கிறார். திரும்பப் பெறும் எதிர்பார்ப்போடு கொடுப்பது ஈகையாகாது என்பதும் அவ்வரையறையின் பகுதி. ஒப்புரவு அதிகாரத்திலோ ஒப்புரவாளனின் செல்வத்துக்கு உவமையாக வருபவை ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் ஆகியன. ஊருணியில் நீர் எடுக்க வருபவரிடம் அவர் வறியவரா என எவரும் கேட்பதில்லை. இன்றைய கொள்கை வகைப்பாடுகளைத் தொன்னூலில் ஏற்றிப் பார்ப்பது பொருத்தமன்று. எனினும், வறியவரைத் தேர்ந்து கொடுப்பதும் அனைவருக்கும் பொதுவாக வைப்பதும் வேறு வேறு செயல்கள் என்னும் உணர்வு தமிழ் அறநூல் மரபில் உண்டு என்பதற்கு இவ்விரு அதிகாரங்களும் சான்றாகும். 'இரவச்சம்' அதிகாரம் இரத்தலின் இழிவைக் கடுஞ்சினத்தோடு பேசுவதும், அச்சினம் இரப்பவன்மீது அன்றி, இரந்து வாழும் நிலையைப் படைத்தவன்மீது திரும்புவதும் இதனுடன் இணைத்து எண்ணத்தக்கன.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை மற்றொரு சிக்கலைக் காட்டுகிறது. இந்திரன் மழை பொழிவித்து நாட்டில் வளம் பெருகியதும், உண்ண வருவோர் இன்றி அமுதசுரபி பயனற்றுப் போகிறது. பசி தீர்ந்ததற்கு மகிழ வேண்டிய இடத்தில், கொடுப்பவன் பெறுபவரைத் தேடி அலைகிறான். திட்டங்களின் வெற்றியைப் பயனாளிகளின் எண்ணிக்கை கொண்டே அளக்கும் இக்கால அறிக்கைகளைப் படிப்பவர்க்கு இக்கதை நினைவுக்கு வரக்கூடும்.

சொற்களின் ஏற்றத்தாழ்வு

அரசுக் கருவூலத்திலிருந்து மக்களுக்குச் செல்லும் பணத்துக்கும் பொருளுக்கும் தமிழில் பல பெயர்கள் வழங்குகின்றன. அவை ஒரே தரத்தன அல்ல. 'மானியம்' என்பது மதிப்பைச் சுட்டும் வடசொல்லடியாகப் பிறந்தது. கோயிலுக்கும் ஊர்ப்பணியாளர்க்கும் வரிநீக்கி விடப்பட்ட நிலத்தைக் குறித்து, இன்று உரத்துக்கும் எரிவளிக்கும் அரசு ஏற்கும் பங்கைக் குறிக்கிறது. பழைய மதிப்பின் சாயல் அதில் இன்னும் எஞ்சியுள்ளது. மானியம் பெறுவதற்கு எவரும் கூசுவதில்லை. தொழில் நிறுவனங்கள் பெறுவது 'ஊக்கத்தொகை' அல்லது 'சலுகை'. 2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, அதனை 'இலவசம்' எனக் குறித்த தலைப்புச் செய்தியைக் காண்பது அரிது.

'ஓய்வூதியம்', 'உதவித்தொகை' ஆகிய இணை இன்னும் தெளிவான சான்று. ஓய்வு பெற்ற அரசு ஊழியர் பெறுவது ஓய்வூதியம். 'ஊதியம்' என்னும் வருமொழியே அது உழைத்து ஈட்டியது என்று சொல்லிவிடுகிறது. அறுபது ஆண்டு வயலில் உழைத்த மூதாட்டி பெறுவது 'முதியோர் உதவித்தொகை'. தமிழகத்தில் 1962 முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டம் தொடக்கத்தில் மாதம் ரூ.20 வழங்கியது, 2023இல் அத்தொகை ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்டது. அரசாணைகளில் 'ஓய்வூதியம்' என்னும் சொல் இத்திட்டங்களுக்கும் பயன்படுத்தப்படுவதுண்டு. எனினும் மக்கள் வழக்கில் அது உதவியாகவே நிற்கிறது. 1975இல் தொடங்கிய கைம்பெண்களுக்கான திட்டத்தின் பெயரிலேயே 'ஆதரவற்ற' என்னும் அடை உண்டு. பெற விரும்புபவர், தம்மை ஆதரிக்க எவருமில்லை என வருவாய்த் துறையினர்முன் மெய்ப்பிக்க வேண்டும். மகன் இருந்தும் கவனிக்காத தாய், அக்குடும்பச் செய்தியை ஊரறியச் சொன்னால்தான் தொகை. திட்டத்தின் பணம் சிறிது. அதைப் பெறச் செலுத்தும் மானம் சிறிதன்று. இத்திட்டங்களைக் குறைகூறுவோரும் போற்றுவோரும் இவ்விலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

'இலவசம்' என்னும் சொல் 2006ஆம் ஆண்டு வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதிக்குப் பின் தனிக்கனம் பெற்றது. 2011இல் ஆட்சிக்கு வந்த அரசு அச்சொல்லைத் தவிர்த்து 'விலையில்லா' என்னும் அடையைப் புகுத்தியது. விலையில்லா அரிசி, விலையில்லா மிதிவண்டி, விலையில்லா மடிக்கணினி என அரசு ஆவணங்கள் எழுதின. மாற்றத்தின் நோக்கம் நல்லதே. ஆயின் 'விலையில்லா' பேச்சுவழக்கில் நிலைகொள்ளவில்லை. ஏளனம் செய்பவர் அதையும் ஏளனத்துக்கே பயன்படுத்தினர். பெயரை மாற்றுவதால் மட்டும் பொதுக்கருத்து மாறுவதில்லை என்பதற்கு இது போதிய சான்று.

பயனாளிகள் தாமே வழங்கும் பெயர்கள் வேறு வகையின. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் நடைபெற்ற பணி 'நூறுநாள் வேலை' எனவும், வட மாவட்டங்களில் 'ஏரி வேலை' எனவும் வழங்கப்பட்டது. இரண்டிலும் 'வேலை' உண்டு, உதவி இல்லை. மாறாக, நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்வதைக் குறித்து 2022இல் அமைச்சர் ஒருவர் பொதுமேடையில் 'ஓசி' என்னும் சொல்லை ஆண்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. இச்சொல், கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் அஞ்சலுக்குக் கட்டணமில்லை எனக் குறித்த ஆங்கில முத்திரையின் முதலெழுத்துகளிலிருந்து வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. அது மெய்யாயின், அதிகாரிகளின் சலுகையைக் குறித்த சொல் ஏழைப் பெண்ணைக் குத்தும் சொல்லாகிவிட்டது எனலாம்.

அனைவருக்குமா, தகுதியுடையோர்க்கா?

தகுதியை அளந்து கொடுக்கும் முறைக்குத் தமிழ் மண்ணில் கொடிய முன்வரலாறு உண்டு. 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது ஆய்வுக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியாளரின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியத்தின் அளவுக்குக் குறைத்தார். உண்மையில் பசித்தவர் மட்டுமே வர வேண்டும் என்பதற்காக, ஊரைவிட்டுத் தொலைவிலுள்ள முகாமுக்குச் சென்று உழைப்பதும் நிபந்தனையாக்கப்பட்டது. அவ்வளவு குறைந்த உணவில் உழைக்கும் உடல் தாங்காது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். தகுதியற்றவர் ஒருவர் பெற்றுவிடக் கூடாது என்னும் அச்சம், தகுதியுடையவர் பலர் பெறாமல் இறப்பதைவிடப் பெரிதாக அன்று கருதப்பட்டது.

விடுதலைக்குப் பிந்திய தமிழகம் பெரும்பாலும் எதிர்த்திசையில் சென்றது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது இலட்சியமாகவும் ஒரு படி உறுதியாகவும் முன்வைக்கப்பட்டது. ஆட்சிக்கு வந்தபின் ஒரு படித் திட்டம் சென்னை, கோயம்புத்தூர் நகரங்களில் தொடங்கியது. 1982 சூலை 1ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் நிதிநிலையைச் சிதைக்கும் வெறும் கவர்ச்சித் திட்டம் என அக்காலத்தில் விமரிசிக்கப்பட்டது. 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களிலும் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. இன்று அதனைக் கவர்ச்சித் திட்டம் என எவரும் சொல்வதில்லை. பள்ளியில் உள்ள எந்தக் குழந்தையும் தட்டை ஏந்தலாம் என்பதே இம்மாற்றத்துக்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டின்படி பிரித்தபோது, தமிழகம் அப்பிரிப்பை ஏற்காமல் அனைவர்க்கும் பொதுவான முறையைத் தொடர்ந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் நடைமுறைப்படுத்திய பின்னரும் கூடுதல் செலவைத் தானே ஏற்று அம்முறையைக் காத்தது. வேண்டாதவர் சர்க்கரை அட்டையையோ பொருளில்லா அட்டையையோ தாமே தேர்ந்துகொள்ளலாம், அரசு விலக்குவதில்லை. இடையில் ஒருமுறை, குறிப்பிட்ட வருமானத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் அட்டைகளில் 'எச்' முத்திரை பதித்து அவற்றுக்கு அரிசி நிறுத்தப்பட்டது. 'கௌரவ அட்டை' என்று அது அழைக்கப்பட்டது. கௌரவத்தை மக்கள் விரும்பவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி பெருந்தோல்வியுற்றதும், திரும்பப் பெறப்பட்ட நடவடிக்கைகளில் இதுவும் ஒன்றாயிற்று.

பொது முறைக்கு எதிரான வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வாங்காதவர் பெயரில் அரிசி வெளிச்சந்தைக்கும் அண்டை மாநிலங்களுக்கும் கடத்தப்படுவது உண்மை. வசதியுடையவர்க்கும் செலவிடும் பணத்தை ஏழைக்கே கூடுதலாகக் கொடுக்கலாமே என்னும் கேள்வியும் நேர்மையானது. ஆனால் இக்கேள்வி, ஏழையை அரசால் பிழையின்றி அடையாளம் காண முடியும் என்னும் எடுகோளின்மீது நிற்கிறது. நாட்கூலி பெறுபவரின் வருமானம் மாதந்தோறும் மாறும். பட்டியலோ ஆண்டுக்கணக்கில் மாறாது. ஜீன் திரேசும் அமர்த்தியா சென்னும் 2013இல் வெளியிட்ட நூலில் தமிழகத்தின் அனைவர்க்கும் பொதுவான அணுகுமுறையைப் பாராட்டியது இதனோடு தொடர்புடையது. வசதியுள்ளவரும் நடுத்தரக் குடும்பத்தாரும் அதே கடை வரிசையில் நிற்கும்போது கடை திறக்காவிட்டால் கேட்பதற்குக் குரல் இருக்கும். ஏழைக்கென மட்டும் அமைந்த கடைக்கு அக்குரல் வாய்ப்பதில்லை.

வரிப்பணம் என்னும் வாதம்

'என் வரிப்பணம்' என்பது நலத்திட்ட எதிர்ப்பில் அடிக்கடி ஒலிக்கும் தொடர். இதில் வரி என்பது வருமான வரியாக மட்டும் எண்ணப்படுகிறது. சோப்புக்கும் செருப்புக்கும் சரக்கு சேவை வரி செலுத்துபவர் அனைவரும் வரி செலுத்துபவரே. தமிழக நிலையில் மற்றொன்றும் உண்டு: 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் உள்ளது. கூலிக் குடும்பங்களிலிருந்து மாலையில் கருவூலத்துக்குச் செல்லும் தொகைக்கும் அக்குடும்பத்துப் பெண்களுக்கு மாதந்தோறும் வரும் தொகைக்கும் உள்ள உறவைப் பேசாமல் 'யார் பணம்' என்னும் கேள்விக்கு விடை கூற இயலாது.

நீதிமன்றங்களும் இவ்விவாதத்தைத் தீர்க்கவில்லை. தொலைக்காட்சி, மின்விசிறி வழங்கலை எதிர்த்துத் தமிழகத்திலிருந்து சென்ற வழக்கில் 2013 சூலை 5ஆம் நாள் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், தேர்தல் அறிக்கை வாக்குறுதி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. ஆயினும் அது வாக்காளர்மீது தாக்கம் செலுத்துவதை ஏற்று, தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்கப் பணித்தது. 2022 சூலையில் பிரதமர் இத்தகைய வழங்கல்களை வடநாட்டு இனிப்பான 'ரேவடி'யின் பெயரால் கண்டித்தார். அடுத்த மாதமே, 2013 தீர்ப்பை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்னும் கோரிக்கை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. நலத்திட்டம் எது, இலவசம் எது என்னும் எல்லைக்கோட்டை எவரும் வரைந்து காட்டவில்லை. சத்துணவின் வரலாற்றை நோக்கின், அக்கோடு காலந்தோறும் நகர்வது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

உரிமைத் தொகையும் மேல்முறையீடும்

2023 செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், பெயரில் 'உரிமை'யைத் தாங்கிய பெருந்திட்டம். பெண்கள் வீட்டில் ஊதியமின்றிச் செய்யும் உழைப்புக்கான ஏற்பு என அரசு அதனை விளக்கியது. அவ்விளக்கத்தின்படி அது ஈகையன்று. ஆயினும் 2021 தேர்தல் வாக்குறுதியில் குடும்பத் தலைவியர்க்கு எனப் பொதுவாகச் சொல்லப்பட்டது, 2023 நிதிநிலை அறிக்கையில் 'தகுதி வாய்ந்த' குடும்பத் தலைவியர்க்கு என ஆனது. ஆண்டு வருமானம் ரூ.2.5 இலட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 அலகுக்குள் இருக்க வேண்டும் என வரையறைகள் வந்தன. வீட்டு உழைப்புக்கான ஏற்பு எனில், குடும்பத்தின் நிலப்பரப்பால் அவ்வுழைப்பு எவ்வாறு இல்லாததாகும் என்னும் கேள்விக்கு இவ்வரையறையில் விடையில்லை. நிதியின் எல்லையே உண்மையான காரணம். அதை வெளிப்படையாகச் சொல்வதைவிடத் 'தகுதி' எனச் சொல்வது அரசுக்கு எளிதாக இருந்திருக்கிறது.

இத்திட்டத்துக்கு ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. தொடக்கத்தில் ஏற்கப்பட்டவை 1.06 கோடியளவின. அதே அரசு 2021 மே முதல் நடைமுறைப்படுத்திய மகளிர் பேருந்துப் பயணத்திலோ விண்ணப்பமே இல்லை. வண்டியில் ஏறிய எந்தப் பெண்ணும் பயனாளியே. இவ்விரு திட்டங்களைப் பற்றி ஊர்களில் எழும் பேச்சும் வேறுபடுகிறது. பேருந்தைப் பற்றிய முறையீடு, வண்டி நிற்காமல் செல்கிறது, எண்ணிக்கை போதவில்லை என ஓட்டுநரையும் நிர்வாகத்தையும் நோக்கியது. தொகையைப் பற்றிய முறையீடு, மாடிவீட்டுக்காரிக்கு வந்தது எனக்கு வரவில்லை என அண்டை வீட்டை நோக்கியது.

எனினும் 'உரிமை' என்னும் பெயர் வெறும் அலங்காரமாக முடியவில்லை. மறுக்கப்பட்டவர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைக்கப்பட்டது; இலட்சக்கணக்கானோர் செய்தனர்; அதன்வழிப் பலர் பின்னர்ச் சேர்க்கப்பட்டனர். தொலைக்காட்சி கிடைக்காதவர்களும் முன்பு சாலையை மறித்ததுண்டு. ஆனால் அன்று அவர்கள் கேட்டது ஒரு பொருளை. இணையச் சேவை மையத்தின் முன் மின்கட்டண அட்டையோடு வரிசையில் நின்ற பெண்கள் கேட்டது, எந்த வரையறையால் தாம் விலக்கப்பட்டோம் என்பதற்கான காரணத்தை.